ஆளைக் குறைக்காமல் நேரத்தைக் குறைப்பது: கடலூர், புதுச்சேரி தொழிற்கூடங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் 'லே-ஆஃப்' என்ற சொல்லுக்கு யாருக்கும் அகராதி தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப் போட்ட பிறகு ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-ஃப்ரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தொழிலாளர்கள் லே-ஆஃப் சம்பளத்தில் வருடக்கணக்கில் இருந்தார்கள். 2020இல் ஆலை மூடப்பட்டது. ஆகவே இந்த ஊரில் லே-ஆஃப் என்றால் 'வேலை போய்விட்டது' என்று பொருள் இல்லை. 'இன்று வேலை இல்லை, பாதிச் சம்பளம், மஸ்டர் ரோலில் (ஆள் பதிவேட்டில்) பெயர் இருக்கிறது' என்று பொருள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஐ.டி. கம்பெனிகளில் லே-ஆஃப் என்று சொல்வதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் ஆட்குறைப்பு. நிர்வாகம் ஒன்றை நினைத்துச் சொல்ல, தொழிலாளி வேறொன்றாகக் கேட்டுக்கொண்டால் பேச்சுவார்த்தை முதல் நாளே கெட்டுவிடும். எனவே அறிவிப்பில் அந்தச் சொல்லையே தவிர்த்து 'தற்காலிக வேலைநேரக் குறைப்பு' என்று எழுதுங்கள்.

ஆர்டர் குறைந்திருக்கிறது, ஆனால் திரும்பி வரும் என்ற நிலையில் இருக்கும் இடங்களுக்கான வழிமுறை இது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ரசாயனக் கூடம், புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலோ சேதராப்பட்டிலோ உள்ள உதிரிபாகக் கூடம், தட்டாஞ்சாவடி அச்சகம், ஒயிட் டவுன் ஓட்டல் என எதற்கும் இது பொருந்தும். தயாரிக்கும் பொருளுக்கே சந்தை செத்துவிட்டது என்றால் பொருந்தாது. அந்த நிலையில் நேரத்தைக் குறைத்துக்கொண்டே போவது, தொழிலாளியின் பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) இழப்பீட்டையும் மெல்ல மெல்லக் கரைப்பதில்தான் முடியும்.

ஜெர்மனியில் இப்படி நேரம் குறைத்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அரசின் வேலைவாய்ப்பு நிதி தருகிறது. குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதம். நம்மிடம் அப்படி ஒரு நிதி இல்லை. இழப்பை நிர்வாகமும் தொழிலாளியும்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கு நியாயமாக இருந்தால் திட்டம் நிற்கும்.

முதலில் கணக்கு

பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்றில் ஆட்குறைப்பு, இன்னொன்றில் நேரக் குறைப்பு.

எடுத்துக்காட்டாக 60 தொழிலாளர்கள், ஆளுக்கு மாதம் 18,000 ரூபாய், அது முழுவதும் பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி). ஆர்டர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் ஒரு நாள் சம்பளம் 692 ரூபாய்.

ஆட்குறைப்பு என்றால் 12 பேர் வெளியேற வேண்டும். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. அவர்களுக்கு ஆளுக்கு 6 ஆண்டு சர்வீஸ் என்று வையுங்கள். நோட்டீஸ் மாதச் சம்பளம் 18,000. ஆண்டுக்கு 15 நாள் வீதம் 6 ஆண்டுக்கு இழப்பீடு 62,308. புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, வேலை இழந்தவர் புதுத் திறன் பழகுவதற்கான மறுதிறன் நிதிக்கு 15 நாள் சம்பளம், 10,385. ஆளுக்கு ஏறக்குறைய 90,700 ரூபாய். 12 பேருக்கு 10 லட்சத்து 88 ஆயிரம். பணிக்கொடை என்றைக்கானாலும் தர வேண்டிய கடன் என்பதால் இதில் சேர்க்கவில்லை. ஆனால் அதையும் இப்போதே ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும், அது இன்னொரு ஏழரை லட்சம்.

ஒருவரை அனுப்பினால் மாதம் மிச்சமாவது என்ன? சம்பளம் 18,000, பி.எஃப். நிர்வாகப் பங்கும் மற்றக் கட்டணங்களும் 1,950, ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 585. ஆக 20,535. பன்னிரண்டு பேருக்கு 2 லட்சத்து 46 ஆயிரம். போட்ட பணம் திரும்பவே நாலரை மாதம் ஆகும். மந்தநிலை நாலு மாதத்தில் தீர்ந்துவிடும் என்றால், ஆளை அனுப்பி ஒரு ரூபாயும் மிச்சமில்லை. அதற்குப் பின் புதிதாக ஆள் எடுத்துப் பழக்கும் செலவு வேறு. ஒரு சி.என்.சி. ஆபரேட்டர் கைபழகி ஸ்கிராப் குறைய எத்தனை மாதம் ஆகும் என்று உங்கள் ஃபோர்மேனைக் கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியே முடிவைச் சொல்லிவிடும்.

இரண்டாவது பத்தி. வாரம் ஆறு நாளை ஐந்தாக்கினால், மாதம் 4 நாள் என்ற கணக்கில் ஆளுக்கு 2,769 ரூபாய் குறையும். 60 பேருக்கு 1 லட்சத்து 66 ஆயிரம். இழப்பில் பாதியை நிர்வாகம் ஏற்றால் மிச்சம் 83,000. ஆட்குறைப்பில் கிடைப்பதைவிட இது குறைவுதான், மறைக்க வேண்டாம். ஆனால் முதல் மாதத்திலிருந்தே கைக்கு வருகிறது, முன்பணம் எதுவும் தேவையில்லை. வேலை நடக்காத நாளில் மிச்சமாகும் மின்சாரம், கேன்டீன், கம்பெனி பஸ் டீசல் ஆகியவற்றையும் இதில் கூட்டுங்கள். மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை: உயர் அழுத்த இணைப்பு வைத்திருப்பவருக்கு யூனிட் குறையும், டிமாண்ட் சார்ஜ் (பெற்றிருக்கும் மின்திறனுக்கான கட்டணம்) அப்படியே நிற்கும். முழு பில்லையும் ஆறில் ஒரு பங்கு குறைத்துக் கணக்குப் போட்டவர்கள் மாதக் கடைசியில் ஏமாந்துபோவார்கள்.

அதற்கு முன் வெட்ட வேண்டியவை

ஓவர்டைம் முதலில் நிற்க வேண்டும். ஒரு பிரிவில் நேரத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு பிரிவில் இரட்டைச் சம்பளத்துக்கு ஓ.டி. ஓட்டினால், திட்டம் அன்றைக்கே செத்தது. புதிய ஆள் எடுப்பதை நிறுத்துங்கள். ஓய்வு பெறுபவர் இடத்தைக் காலியாக விடுங்கள். மேலாளர்களின் சம்பளக் குறைப்பை முதலில் அறிவியுங்கள். தொழிலாளிக்கு 8 சதவீதம் என்றால் மேலே 12, 15 என்று இருக்கட்டும். தொகை சின்னதாக இருக்கலாம். ஆனால் அது இல்லாமல் சங்கத்தின் முன் உட்கார்ந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

காண்ட்ராக்ட் தொழிலாளர் விஷயம் சங்கடமானது. நிரந்தரத் தொழிலாளியின் நேரத்தைக் குறைத்துவிட்டு, அதே வேலைக்குக் காண்ட்ராக்ட் ஆளை ஆறு நாளும் வைத்திருப்பது சண்டையை வலிய இழுப்பது. காண்ட்ராக்ட் ஆட்களை ஒரேயடியாக அனுப்பினால், பெயர் மாறிய ஆட்குறைப்பாகிவிடும். எங்கள் கருத்து, அவர்களையும் அதே ஐந்து நாள் சுற்றுக்குள் சேர்ப்பதே சரி. ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைக் குறைப்பதா, மணியைக் குறைப்பதா?

பலரும் தவறு செய்யும் இடம் இது. நாளுக்கு 8 மணியை ஆறரை ஆக்கினாலும், வாரத்தில் ஒரு நாளை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல.

குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இருந்து ஊதியச் சட்டத் தொகுப்புக்கும் வந்திருக்கும் ஒரு விதி இருக்கிறது. நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளிக்கு, நிர்வாகம் வேலை தராததால் ஒரு நாளில் நேரம் குறைந்தால், முழு நாள் கூலி தர வேண்டும். தொழிலாளி தானே வேலை செய்ய மறுத்தால்தான் விலக்கு. ஆகவே குறைந்தபட்சக் கூலி அளவிலேயே சம்பளம் வாங்கும் ஹெல்பர், பேக்கிங், துப்புரவுப் பணியாளர்களுக்கு மணியைக் குறைத்துச் சம்பளத்தை வெட்ட முடியாது. அவர்களுக்கு நாள் குறைப்புதான் வழி. நாள் கூலி 692 வாங்குபவருக்கு ஆறரை மணி என்றால் 562 வரும். அந்த 562 அவருடைய பணிக்கு அறிவித்திருக்கும் நாள் கூலிக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். கடலூருக்குத் தமிழக அரசின் அறிவிப்பு, புதுச்சேரிக்கு யூனியன் பிரதேச அரசின் அறிவிப்பு. இரண்டும் வேறு வேறு தொகைகள். கன்னியக்கோவில் தாண்டினால் கடலூர் மாவட்டம் என்று எல்லை பின்னிக் கிடக்கும் ஊர்களில் இரு பக்கமும் கூடம் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஒப்பந்தமும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

எதிர்த் திசையில் ஈ.எஸ்.ஐ. இழுக்கிறது. நோய்க்காலப் பணம் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஆறு மாதத்துக்கு 26 வாரம். தினக்கூலிக்காரர் வாரம் ஐந்து நாள் வந்தால் 130, நாலு நாள் வந்தால் 104, கவலையில்லை. மூன்று நாளாக்கினால் சரியாக 78. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் 77 ஆகிவிடும். அடுத்த பயன்காலம் (அந்தப் பங்களிப்பின் பேரில் பணம் கிடைக்கும் ஆறு மாதம்) முழுவதும் நோய்க்காலப் பணம் போய்விடும். ஆகவே வாரம் மூன்று நாள் என்ற திட்டத்தை ஒரு பங்களிப்புக் காலம் முழுவதும் நீட்டாதீர்கள். அவ்வளவு குறைக்க வேண்டிய நிலை வந்தால் மூன்று மாதம் மூன்று நாள், மூன்று மாதம் நாலு நாள் என்று மாற்றிப் போடுங்கள்.

பஸ் செலவையும் பாருங்கள். பாகூரிலிருந்தும் கடலூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்துக்கு வருபவருக்கு ஆறரை மணி வேலைக்கும் எட்டு மணி வேலைக்கும் போக்குவரத்துச் செலவு ஒன்றே. ஒரு நாள் முழுக்க விடுப்பு என்றால் அந்தச் செலவாவது மிச்சம். அந்த நாளில் வேறு ஏதாவது வேலைக்கும் போகலாம்.

அதிகச் சம்பளம் வாங்கும் அலுவலகப் பணியாளர், டிசைன், கணக்குப் பிரிவு ஆகியோருக்கு மணிக் குறைப்பு பொருந்தும். கூடத் தொழிலாளருக்கு நாள் குறைப்பு. ரசாயனக் கூடங்களுக்கு இரண்டும் பொருந்தாமல் போகலாம். பாய்லரைச் சூடேற்றி அணைப்பதற்கே எரிபொருள் போகும். ரியாக்டரில் பேட்ச் பாதியில் நிற்காது. அங்கே சுழற்சி முறை: ஒரு குழுவுக்கு நாலு வாரம் வேலை, ஐந்தாவது வாரம் விடுப்பு. ஒவ்வொரு வாரமும் ஐந்தில் ஒரு குழு வெளியே. ஆனால் பட்டியல் போடும்போது ஒன்றைச் சரிபாருங்கள். எந்த ஷிப்டிலும் சான்றிதழ் பெற்ற பாய்லர் ஆபரேட்டர், முதலுதவி தெரிந்தவர், தீயணைப்புக் குழுவில் பயிற்சி பெற்றவர் இல்லாமல் போகக் கூடாது. பெயரை அகர வரிசையில் வெட்டிக் குழு பிரித்தால் இரண்டு பாய்லர் ஆபரேட்டரும் ஒரே வாரம் வீட்டில் இருப்பார்கள்.

'நாலு நாள், நாளுக்குப் பத்து மணி' என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேலை வாரத்துக்கு 48 மணியிலிருந்து 40 ஆகிறது, பஸ் செலவும் மிச்சம், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நாள் வரம்பைத் தாண்டிய நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். மிச்சம் அதில் போய்விடும். அதோடு, 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர்களில் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஊர் புதுச்சேரி. பத்து மணி என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

இழப்பை யார் எவ்வளவு ஏற்பது

இதற்குச் சட்டமே ஓர் அடித்தளம் போட்டுத் தந்திருக்கிறது. சராசரியாக 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஓராண்டு தொடர் சர்வீஸ் உள்ள தொழிலாளிக்கு ஒரு நாள் வேலை தர முடியாவிட்டால் அது லே-ஆஃப். பேசிக்கிலும் டி.ஏ.விலும் 50 சதவீதம் தர வேண்டும். 12 மாதத்தில் 45 நாள் வரை இது கட்டாயம். தொழிலாளியின் சம்மதமின்றி 'சனிக்கிழமை வராதே' என்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் லே-ஆஃப்தான். ஆகவே ஒப்பந்தத்தில் விடுப்பு நாளுக்கு 50 சதவீதத்துக்குக் குறைவாகத் தர நினைப்பது வீண். ஒப்பந்தமே போடாமல் இருந்தாலும் அது அவர்களுக்குக் கிடைக்கும். 50க்குக் குறைவான ஆட்கள் உள்ள இடங்களில் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குவதே நல்லது.

எங்கள் பரிந்துரை: மாதச் சம்பளம் 15,000க்குக் கீழே இருப்பவருக்கு விடுப்பு நாளில் 75 சதவீதம், 15,000 முதல் 25,000 வரை 50, அதற்கு மேல் 30. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராத மேலாளர்களுக்கு எதுவும் வேண்டாம். லே-ஆஃப் விதி பொருந்தும் தொழிலாளருக்கு 50க்குக் கீழே இறங்காதீர்கள். இந்த 30 அலுவலகத்தின் மேல்மட்டத்துக்குத்தான். எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்பது கேட்க நியாயமாக இருந்தாலும், 13,000 சம்பளத்தில் 1,000 போவதும் 60,000 சம்பளத்தில் 4,600 போவதும் ஒன்றல்ல.

பேச்சும் கையெழுத்தும்

வேலைநேரம், ஷிப்ட், சம்பளம் ஆகியவை பணி நிபந்தனைகள். அவற்றை மாற்ற வேண்டுமானால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இது பிரிவு 9ஏ. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் பிரிவு 40. ஆனால் மாற்றம் ஒப்பந்தத்தின் வழியே வந்தால் இந்த முன்னறிவிப்பு தேவையில்லை. ஆகவே நோட்டீஸ் ஒட்டிவிட்டு 21 நாள் காத்திருப்பதைவிட, பத்து நாளில் பேசி முடித்துக் கையெழுத்து வாங்குவது வேகமானது, உறுதியானது.

அதே தொகுப்பு, லே-ஆஃபுக்கும் ஆட்குறைப்புக்கும் அரசு முன்அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியிருக்கிறது. 'அனுமதி தேவையில்லையே, அனுப்பிவிடலாம்' என்று சிலர் இதைப் படிக்கிறார்கள். இழப்பீடும் முன்னறிவிப்பும் அப்படியே இருக்கின்றன என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு வகை ஒப்பந்தம் உண்டு. நிர்வாகமும் சங்கமும் நேரடியாகப் போடுவது. தொழிற்சங்கத்தார் வாயில் இன்னும் பழைய தொழில் தகராறு சட்டப் பிரிவின் எண்ணான 18(1) என்றே வழங்கும். சமரச அலுவலர் முன்னிலையில் போடுவது 12(3). முதலாவது கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். இரண்டாவது சங்கத்தில் இல்லாதவர், பிறகு சேர்பவர் உட்பட எல்லாரையும் கட்டுப்படுத்தும். கூடத்தில் இரண்டு மூன்று சங்கங்கள் இருந்தால் யோசிக்காமல் சமரச அலுவலரிடம் போங்கள். கடலூரில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம், புதுச்சேரியில் தொழிலாளர் துறை. சங்கமே இல்லாத சின்னக் கூடத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர் குழுவைக் கூட்டி, அதன் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிட்டுப் பிறகு கையெழுத்துக்குப் போங்கள்.

பேச்சுக்கு உட்காரும்போது ஆர்டர் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். கடந்த ஆறு மாத ஆர்டர், கையில் இருக்கும் ஆர்டர், வாடிக்கையாளர் தள்ளிப்போட்ட கடிதம். முதலாளி புதுக் கார் வாங்கிய வாரத்தில் இந்தக் கூட்டத்தை வைக்காதீர்கள்; சொல்லத் தேவையில்லாத விஷயம்தான், ஆனால் நடக்கிறது. மாதமும் முக்கியம். ஜூன் பள்ளிக் கட்டண மாதம். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் எல்லார் வீட்டிலும் கடன் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கையால் ஏற்கெனவே சில நாட்கள் போகும். அந்த நாட்களை எப்படிக் கணக்கிடுவது என்று முன்பே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் புயல் விடுமுறையும் சனிக்கிழமை விடுப்பும் சேர்ந்து அந்த மாதச் சம்பளம் தரையைத் தொடும்.

ஒப்பந்தத்தில் விடுபடக் கூடாதவை

தொடங்கும் தேதி, முடியும் தேதி. மூன்று மாதத்துக்கு மேல் ஒரே மூச்சில் போடாதீர்கள். 'மறு அறிவிப்பு வரை' என்ற சொற்றொடரை எந்தச் சங்கமும் ஏற்கக் கூடாது.

மாதச் சம்பளத்தைத் திருத்தி எழுதாதீர்கள். சம்பளம் 18,000 என்றே இருக்கட்டும்; விடுப்பு நாளுக்கான குறைப்பு தனி வரியாக வரட்டும். இது சின்ன விஷயம்போலத் தெரியும். 20 ஆண்டு சர்வீஸ் உள்ளவர் இந்த மூன்று மாதத்துக்குள் ஓய்வு பெற்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். கடைசிச் சம்பளம் 18,000 என்றால் பணிக்கொடை 2,07,692. விடுப்பு நாளுக்கு ஒன்றுமே தராமல் சம்பளத்தையே 15,231 என்று திருத்தி எழுதியிருந்தால் 1,75,742. மூன்று மாதத் தற்காலிக ஏற்பாட்டுக்காக அவர் நிரந்தரமாக 31,950 இழக்கிறார். 'ஓய்வு, விலகல், இறப்பு எது நேர்ந்தாலும் பணிக்கொடை முழுச் சம்பளத்தின் மேல்' என்று தனியாக ஒரு வரி சேருங்கள்.

விடுப்பு நாட்கள் தொடர் சர்வீஸில் சேரும் என்று எழுதுங்கள். ஓராண்டுத் தொடர் சர்வீஸுக்கான 240 நாள் கணக்கு, ஈட்டிய விடுப்பு, போனஸ் மூன்றுக்கும் இது வேண்டும். போனஸை முழுச் சம்பளத்தின் மேல் தருவதா, வாங்கிய சம்பளத்தின் மேலா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தீபாவளி வாரத்தில் முடிவு செய்யும் விஷயம் இல்லை அது.

கர்ப்பிணிப் பெண்களைக் குறைப்பிலிருந்து விலக்குங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு மகப்பேற்றுப் பணம் அதற்கு முந்தைய மூன்று மாதச் சராசரிச் சம்பளத்தின்மேல் கணக்கிடப்படுகிறது. இப்போது குறையும் சம்பளம் 26 வாரச் சம்பளத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும்.

விடுப்பு நாளில் வேறு வேலைக்குப் போகலாமா? போகலாம் என்று எழுதுங்கள். போட்டி நிறுவனத்துக்கு மட்டும் வேண்டாம் என்று வரம்பு வையுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா சீசன் நேரமாக இருந்தால் அவர்கள் எப்படியும் போவார்கள். தடைபோட்டால் பொய் சொல்லிப் போவார்கள்.

குறைப்புக் காலத்தில் ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதி. இது இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடப் போவதில்லை, போடவும் கூடாது.

சம்பளப் பட்டியலில்

முதல் மாதச் சம்பளம் போடும்போதுதான் பாதிக் குழப்பம் வரும். பி.எஃப். மாத அறிக்கையில் பங்களிப்பில்லா நாள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாதிச் சம்பளம் தந்த விடுப்பு நாளை, சம்பளமே தராத நாள்போல அதில் ஏற்றினால் ஓய்வூதியச் சர்வீஸில் இடைவெளி விழும். மணி குறைத்தவர்களுக்கு அந்தக் கட்டம் பூச்சியம்தான்.

பி.எஃப். சம்பளம் 15,000 வரம்பைத் தாண்டியே இருந்தால், அந்த வரம்பில் கட்டுபவருக்குப் பங்களிப்பு மாறாது. மேலே சொன்ன 18,000 சம்பளக்காரர் நாலு நாளை முழுதாக இழந்தாலும் 15,231, பி.எஃப். 1,800 அப்படியே. ஐந்தாவது நாளும் போனால் 14,538. அங்கிருந்து பி.எஃப். குறையத் தொடங்கும். 58 வயதை நெருங்குபவருக்கு, கடைசி 60 மாதச் சராசரியில் கணக்கிடப்படும் ஓய்வூதியமும் கொஞ்சம் தேயும். அப்படிப்பட்டவர்களுக்கு நாலு நாளோடு நிறுத்துங்கள்.

ஈ.எஸ்.ஐ. இரண்டு இடத்தில் கடிக்கும். லே-ஆஃப் காலத்துக்குத் தரும் தொகையும் ஈ.எஸ்.ஐ. சட்டப்படி ஊதியம்தான், 'இது இழப்பீடு' என்று அதை விட்டுவிட்டால் ஆய்வில் பாக்கியாக வந்து நிற்கும். 21,000க்கு மேல் வாங்கியதால் வெளியே இருந்தவர், குறைப்புக்குப் பின் 21,000க்குக் கீழே இறங்கினால் வரம்புக்குள் வருகிறாரா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

கடன் பிடித்தம் கடைசி. கூட்டுறவுக் கடன் சங்கம், பண்டிகை முன்பணம், வங்கித் தவணை என்று ஏற்கெனவே சம்பளத்தில் பாதி போகும் ஆட்கள் எல்லாக் கூடத்திலும் உண்டு. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சம்பளம் குறைந்ததும் பழைய பிடித்தம் அந்த வரம்பைத் தாண்டிவிடும். முதல் மாதத்துக்கு முன்பே பட்டியல் எடுத்து, நிறுவனம் தந்த முன்பணத் தவணையை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். கைக்கு 4,000 ரூபாய் வருகிறவருக்கு உங்கள் ஒப்பந்தத்தின் நியாயம் எதுவும் கண்ணில் படாது.

நடத்தும்போது

இரண்டாவது மாதத்தில் ஓர் அவசர ஆர்டர் வரும். நிச்சயம் வரும். விடுப்பு நாளில் யாரை அழைப்பது என்று முறை இருக்க வேண்டும்: குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல், சுழற்சிப் பட்டியல்படி, அந்த நாளுக்கு முழுச் சம்பளம். சூப்பர்வைசர் தனக்கு வேண்டியவரை அழைத்தால், அந்த ஒரு சனிக்கிழமை மூன்று மாத நம்பிக்கையைத் தின்றுவிடும். பட்டியல் அறிவிப்புப் பலகையில், தமிழில், எல்லார் கண்ணுக்கும் படும்படி இருக்கட்டும்.

ஆறு நாள் இலக்கை ஐந்து நாளில் கேட்பது இன்னொரு நோய். நேரம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் இலக்கும் அதே அளவு குறைய வேண்டும். குறைக்காவிட்டால் வேகத்தில் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை பார்ப்பார்கள். விபத்து அங்கேதான் நடக்கும்.

விடுப்பு நாளில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சி தரலாம். லேத் ஆபரேட்டரை மில்லிங்குக்குப் பழக்கினால், ஆர்டர் திரும்பும்போது கைகொடுக்கும். ஆனால் பயிற்சி நாள் வேலை நாள், முழுச் சம்பளம். ஆண்டுப் பராமரிப்பையும் இந்தக் காலத்தில் முடித்துவிடுங்கள்.

நன்றாகத் தெரிந்தவர்கள் விலகிப் போவது உண்மையான ஆபத்து. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அழைப்பு வரும் ஃபிட்டர் மூன்று மாதம் காத்திருக்க மாட்டார். அவருக்கு மட்டும் ரகசியமாக முழுச் சம்பளம் தருவது மிக மோசமான தீர்வு. சம்பள நாளன்று மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வேண்டுமானால், குறைப்புக் காலம் முடியும்வரை இருப்பவர்களுக்கு, இழந்த தொகையில் ஒரு பகுதியை லாபம் திரும்பியதும் தருவதாக எல்லாருக்கும் பொதுவாக எழுதுங்கள்.

திரும்புவது, அல்லது திரும்ப முடியாமல் போவது

எப்போது பழைய நேரத்துக்குத் திரும்புவது என்பதற்கு எண் வேண்டும். 'நிலைமை சீரானதும்' என்பது எண் அல்ல. வழக்கமான ஆர்டரில் 90 சதவீதம், தொடர்ந்து இரண்டு மாதம் என்று வைக்கலாம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி நிர்வாகத்திலிருந்து இருவர், தொழிலாளர் தரப்பில் இருவர் உட்கார்ந்து ஆர்டர் எண்ணைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். ஆர்டர் ஏறினால் வரிசை இது: முதலில் எல்லாருக்கும் முழு நேரம், பிறகு ஓ.டி., அதன் பிறகே புது ஆள். இந்த வரிசையை மாற்றினால் அடுத்த முறை கேட்கும்போது யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆறு மாதமாகியும் ஆர்டர் வரவில்லை என்றால், மூன்றாவது முறை நீட்டிப்பதற்குப் பதில் ஆட்குறைப்பைப் பற்றி நேராகப் பேசுங்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இழப்பீடு 'சராசரிச் சம்பளத்தின்' மேல் கணக்கிடப்படுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது கடைசி மூன்று முழு மாதங்களின் சராசரி. ஆறு மாதம் குறைந்த சம்பளம் வாங்கியவருக்கு இழப்பீடும் குறைந்தே வரும். கம்பெனியைக் காப்பாற்ற விட்டுக்கொடுத்தவருக்கு அதற்காகவே தண்டனை கிடைப்பதுபோல ஆகிவிடும். ஆகவே முதல் நாள் ஒப்பந்தத்திலேயே, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் இழப்பீடு குறைப்புக்கு முந்தைய முழுச் சம்பளத்தின் மேல் என்று எழுதி வாங்குங்கள். வெளியேறுபவர்களின் பெயர்ப் பட்டியலையும் முகவரியையும் கோப்பில் வையுங்கள். ஓராண்டுக்குள் அதே வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் அவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.